ஷாலிபண்டா மெத்தைக்கடை

புதன்கிழமை காலையில் முஸ்பிறாவின் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. ஆய்வுகூடக் கட்டடத்துக்கு வரும் மின்கம்பி எங்கோ பழுதாகிவிட்டதாம். இன்றைக்கு வகுப்பும் இல்லை, செய்முறையும் இல்லை. அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் செய்தியைப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துத் திரும்பப் படுத்துக்கொண்டார்கள். முஸ்பிறா எழும்பிக் குளித்தாள்.

சாய்ந்தமருதிலிருந்து புலமைப்பரிசில் கிடைத்து, மருந்தாக்கவியல் படிக்க அவள் ஹைதராபாத்துக்கு வந்து ஒரு வருடம் கழிந்துவிட்டது. இந்த ஒரு வருடத்தில் அவள் பார்த்த ஹைதராபாத் விடுதி, வகுப்பு, ஆய்வுகூடம், விடுதி வாசலுக்கு எதிரே உள்ள சில்லறைக் கடை, அவ்வளவுதான். சார்மினாரை அவள் பார்த்தது அந்தக் கடையில் விற்கும் பிஸ்கட் டின்னின் மூடியில். ஊரிலிருந்து யாராவது போனில் கேட்டால், "ஓம், பார்த்தன், நல்ல வடிவு" என்று சொல்லிச் சமாளித்து வந்தாள். இன்றைக்காவது அந்தப் பொய்யை உண்மையாக்குவம் என்று நினைத்துக்கொண்டு அபாயாவை உடுத்து, பையில் தண்ணீர்ப் போத்தலும் பாஸ்போட்டும் வைத்துக்கொண்டு தனியாகவே வெளிக்கிட்டாள்.

மெட்ரோ ரயிலில் பெண்களுக்கான பெட்டி பாதி காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் அவளிடம் உருதில் ஏதோ கேட்டாள். முஸ்பிறா ஆங்கிலத்தில் உருது தெரியாது என்றாள். அந்தப் பெண் அவளுடைய தலைத்துணியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், முஸ்லிம் இல்லையா என்று கேட்டாள். முஸ்லிம்தான், ஆனால் வீட்டில் கதைக்கிறது தமிழ் என்று முஸ்பிறா சொன்னது அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. இது முஸ்பிறாவுக்குப் பழகிப்போன ஒன்று. இந்த நகரத்தில் அவளுடைய உடுப்பு ஒரு மொழியில் பேசியது, வாய் இன்னொரு மொழியில் பேசியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இறங்கி, ஆட்களிடம் கேட்டுக் கேட்டு நடந்தாள். ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. தண்ணீர் கறுப்பாக, நகராமல் கிடந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நகரம் வேறாகிவிட்டது. கல்லால் கட்டிய நீண்ட வளைவுகளுக்குக் கீழே துணிக்கடைகள், தொப்பிக் கடைகள், கல்யாண மாப்பிள்ளைகளுக்கான மினுங்கும் சேர்வானிகள். நடைபாதையில் பேரீச்சம்பழம், அத்தர், பிளாஸ்டிக் வாளி, குழந்தைச் செருப்பு. கல்முனை பஸாரைப் பெருநாளுக்கு முந்தின நாளில் பத்து மடங்காகப் பெருக்கினால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். ஓட்டோக்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. யாரும் யாருக்கும் ஏசவில்லை.

ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்று இரானி தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் வாங்கினாள். தேத்தண்ணி டின்பால் போலத் தடிப்பாக, தித்திப்பாக இருந்தது. உம்மாவுக்குக் குடுத்தால் ஒரு வாயோடு வைத்துவிடுவா. பிஸ்கட் நல்லாயிருந்தது, இன்னும் இரண்டு வாங்கினாள்.

சார்மினார் பிஸ்கட் டின்னில் இருந்ததைவிடப் பழசாகவும் ஊத்தையாகவும் இருந்தது. அதனாலேயே அவளுக்குப் பிடித்திருந்தது. பாஸ்போட்டைக் காட்டினால் இலங்கை ஆட்களுக்கும் உள்ளூர்க் கட்டணந்தான் என்று கவுண்டரில் சொன்னார்கள். சுழன்று ஏறும் படிக்கட்டு ஒடுக்கமாக இருந்தது; மேலேயிருந்து ஒரு குடும்பம் இறங்கி வர, அவள் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டி நின்று வழி விட்டாள். மேலே காற்று அடித்தது. நாலு பக்கமும் நாலு தெரு, ஒவ்வொரு தெருவிலும் தலைகள். ஒரு பக்கம் பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில் புறாக்கள் இறங்கி ஏறின. போனை எடுத்துப் படம் பிடித்தாள். அந்தப் படத்தை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஏற்கெனவே பார்த்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாளே. அதை நினைத்துத் தனியே சிரித்தாள்.

இறங்கி வந்து தெற்குப் பக்கமாகப் போகும் தெருவில் சும்மா நடந்தாள். அப்போதுதான் ஒரு கடைப் பலகையில் ஆங்கிலத்தில் "ஷாலிபண்டா" என்ற பெயரைக் கண்டாள்.

அந்தப் பெயரை அவள் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தாள். அவள் பயணம் போக முந்தின நாள், வாப்பா மீராமுகைதீன் அவளுடைய சூட்கேசைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கல்முனை பஸாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணியும் கம்பியும் நிறுத்துக் குடுக்கிற வேலை அவருக்கு. அதிகம் கதைக்காத ஆள். சவுதியில் சில வருடங்கள் இருந்தவர், ஆனால் அதைப்பற்றி வீட்டில் வாய் திறந்தது இல்லை. கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"அங்க கௌஸ் என்டு ஒராள் இரிக்கான். என்னோட தம்மாம்ல இருந்தவன். ஷாலிபண்டா என்ட எடத்தில, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, மெத்தை தைக்கிற கடை என்டு சொல்லுவான். ஏலுமென்டா பாரு."

போன் நம்பர் இருக்கா என்று கேட்டதற்கு இல்லை என்றார். அதற்குப் பிறகு அவரும் ஞாபகப்படுத்தவில்லை, அவளும் மறந்துவிட்டாள். இப்போது அந்தப் பெயர் கண் முன்னால் நிற்கிறது. நேரம் பதினொன்று கூட ஆகவில்லை. வேறு செய்ய ஒன்றும் இல்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. மெத்தைக்கடைதான் ஒன்றுக்கு மூன்று இருந்தன. முதல் கடையில் கௌஸ் என்று யாரும் இல்லை. இரண்டாவது கடையின் வாசலில் சிவப்பும் மஞ்சளுமாக ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகள் அடுக்கிக் கிடந்தன. உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கண்ணாடி போட்டுக்கொண்டு போனில் யாருக்கோ தலையணை அளவு சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல காலத்துக்கு அவளுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. பெயர் நிகத் என்றாள். கௌஸ் தன்னுடைய தந்தைதான் என்றாள். யார் தேடுகிறது என்று கேட்டாள்.

முஸ்பிறா தான் இலங்கை என்றும், வாப்பாவின் பெயர் மீராமுகைதீன் என்றும், தம்மாமில் கூட வேலை செய்தவர் என்றும் சொன்னாள். நிகத் கடையின் பின்பக்கம் திரும்பி ஏதோ கூப்பிட்டாள். அதில் இலங்கையைச் சொல்லும் "ஸைலான்" என்ற சொல் மட்டும் முஸ்பிறாவுக்கு விளங்கியது. பஞ்சடிக்கும் இயந்திரத்தின் சத்தம் நின்றது. பின் அறையின் திரையை விலக்கிக்கொண்டு, தாடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிய ஒரு கனத்த மனிதர், முழங்கால் நோவோடு சரிந்து சரிந்து நடந்து வந்தார். முஸ்பிறாவை நிமிர்ந்து பார்த்தார்.

"மீரான்ட மகளா?" என்று கேட்டார். தமிழில்தான் கேட்டார். பிறகு, "வாங்க. சோறு திண்டயா?" என்றார்.

முஸ்பிறா அவருடைய வாயையே பார்த்தாள். ஒரு வருடமாக இந்த நகரத்தில் தமிழ் கேட்டிருக்கிறாள். விடுதியில் மதுரைப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் அவளுடைய பேச்சை மலையாளமா என்று கேட்டவர்கள். ஆனால் இது அவளுடைய ஊரின் தமிழ். சாய்ந்தமருதின் ஒரு அடுப்படியில் கேட்கிற தமிழ். அதை இந்தப் பஞ்சுத் தாடிக்காரரின் வாய் சொன்னது. வாப்பா அவருக்குச் சொல்லிக் குடுத்த தமிழ். அவருக்கு அதற்கு மேல் தெரிந்தது மீன், தேங்காய், உப்பு காணாது, படு, எழும்பு என்கிற அளவுதான். மற்றதையெல்லாம் நிகத் மொழிபெயர்த்தாள்.

ஒரு மெத்தை மேல் இன்னொரு மெத்தையைப் போட்டு அவளை அதில் இருத்தினார்கள். அவள் கிட்டத்தட்ட மேசை உயரத்தில் கால் தொங்க இருந்தாள். கௌஸ் மாமா ஒவ்வொன்றாகக் கேட்டார். மீரான் பாய் சுகமாக இருக்கிறாரா? முதுகு நோ இன்னும் இருக்கிறதா? இப்பவும் மீன் கறிக்குத் தேங்காய்ப்பாலை இரண்டு தரம் விடுகிறாரா? கடைசிக் கேள்விக்கு முஸ்பிறா சிரித்துவிட்டாள். வாப்பா வீட்டில் அடுப்படிப் பக்கமே போவதில்லை என்றாள். கௌஸ் மாமா நம்பவில்லை. தங்கள் அறையில் அவர்தான் சமையல், எட்டுப் பேருக்கும் என்றார்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார். நிகத் தயங்கி அதை மொழிபெயர்த்தாள்.

"கடலில் போன மகன். அந்தப் பிள்ளையின் பெயர் றிஸ்மிதானே என்று கேட்கிறார்."

றிஸ்மி முஸ்பிறாவின் காக்கா, அவளுக்கு அண்ணன். சுனாமி வந்த அன்றைக்கு அவனுக்கு ஆறு வயது. கடற்கரைப் பக்கம் இருந்த ஓதப்பள்ளிக்குக் குர்ஆன் ஓதப் போயிருந்தான். உம்மா றாபியா கைக்குழந்தையாக இருந்த முஸ்பிறாவைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடித் தப்பினா. றிஸ்மியை அடுத்த நாள் மற்றவர்களோடு சேர்த்து மையவாடியில் அடக்கினார்கள். வாப்பா அப்போது சவுதியில். முஸ்பிறாவுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அவளுக்குத் தெரிந்தது வீட்டில் கேட்டு வளர்ந்ததுதான். அதிலும் அதிகம் கேட்டது ஒரு விஷயம்: ஊரிலிருந்து வெளிநாடு போயிருந்த மற்ற ஆண்களெல்லாம் ஒரு கிழமை, இரண்டு கிழமைக்குள் ஓடி வந்தார்கள். வாப்பா வந்தது ஐந்து மாதத்துக்குப் பிறகு. கம்பனியில் லீவு தரவில்லை என்று சொன்னாராம். உம்மா அதை மறக்கவில்லை. வாப்பாவோடு ஏதும் கோபம் வந்தால், அது மீன் வாங்காத கோபமாக இருந்தாலும், கடைசியில் அங்கேதான் போய் நிற்பா. வாப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு றோட்டுக்குப் போய்விடுவார்.

"ஓம், றிஸ்மி" என்றாள் முஸ்பிறா.

கௌஸ் மாமா கைகளை விரித்துக் கொஞ்ச நேரம் துஆ ஓதினார். பிறகு உருதில் நீளமாக ஏதோ சொன்னார். நிகத் சாதாரணமாகவே அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பா சொல்கிறார், சிறையிலிருந்து வெளியே வந்தபோது உங்கள் தந்தை மிகவும் மெலிந்துவிட்டாராம், அவருடைய சட்டையே அவருக்குப் பெரிதாக இருந்ததாம்.

"சிறையா?" என்று கேட்டாள் முஸ்பிறா.

நிகத் அவளைப் பார்த்தாள். திரும்பித் தந்தையிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். கௌஸ் மாமாவின் முகம் மாறியது. தாடியில் இருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் தந்தை சொல்லாததை நாங்கள் சொல்வது சரியில்லை என்றாள் நிகத். தேத்தண்ணி கொண்டு வருகிறேன் என்று எழும்பவும் பார்த்தாள்.

முஸ்பிறா அவளுடைய கையைப் பிடித்தாள். தேத்தண்ணி வேண்டாம், பாதியைச் சொல்லிவிட்டீர்கள், மீதியையும் சொல்லுங்கள் என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. கௌஸ் மாமா மகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

அவர் சொன்னது இதுதான். செய்தி வந்த அன்றைக்கே மீரான் முதலாளியிடம் போய்ப் பாஸ்போட்டைக் கேட்டார். வேலைக்காரர்களின் பாஸ்போட்டும் அடையாள அட்டையும் முதலாளியின் அலுமாரியில்தான் இருந்தன. முதலாளி இன்றைக்கு, நாளைக்கு என்றான். மூன்றாம் நாள் மீரான் யாரிடமும் சொல்லாமல், ரியாதில் உள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போய்விடுவோம் என்று பஸ் ஏறினார். வழியில் பொலிஸ் மறித்தது. கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இறக்கிக் கொண்டுபோனார்கள். சும்மா பிடித்திருந்தால் ஊருக்கே அனுப்பியிருப்பார்கள், அதுவும் நல்லதாகப் போயிருக்கும். ஆனால் முதலாளி அதற்குள் ஆள் ஓடிவிட்டான், களஞ்சியத்தில் சாமானும் குறைகிறது என்று முறைப்பாடு வைத்துவிட்டான். அது பொய் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொய் தீரும் வரைக்கும் மீரானை வெளியே விடவில்லை. கௌஸும், களஞ்சியத்தில் வேலை செய்த ஒரு சூடான்காரரும் திரும்பத் திரும்பப் போய்ச் சாட்சி சொன்னார்கள். விடுமுறை நாளில் கௌஸ் சாப்பாடு கொண்டுபோவார். மீரான் எந்த நாளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுவார்: வீட்டிலிருந்து போன் வந்தால் வேலையில் நிற்கிறேன் என்று சொல்லு. களவுக் கேஸில் உள்ளே இருக்கிறேன் என்று என்ட பொஞ்சாதி கேட்கக் கூடாது. புள்ளையையும் குடுத்துட்டு இதையும் அவள் தாங்க மாட்டாள்.

"உங்கள் அம்மா நிறையத் தடவை போன் எடுத்தாராம்" என்றாள் நிகத். "அப்பாவுக்கு உங்கள் மொழி தெரியாது. 'காம், காம்' என்று மட்டும் சொல்வாராம். வேலை, வேலை என்று."

விடும்போது சிறையில் தலையை மொட்டை அடித்துத்தான் விட்டார்களாம். அப்படியே விமானம் ஏறினாராம்.

அந்த இடத்தில் முஸ்பிறாவால் நிகத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாப்பா மொட்டைத் தலையோடு வந்திறங்கிய கதை அவளுக்குத் தெரியும். உம்றாவுக்கு மக்கா போனவர்கள் தலையை மழிப்பது வழக்கம், அதனால் உம்றா செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஊர் சொன்னது. சந்திக்க வந்த ஆட்கள் ஸம்ஸம் தண்ணீர் கேட்டார்களாம். வாப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உம்மா அந்தக் கதையை முடிக்கும்போது எப்போதும் ஒரே வார்த்தைதான்: "மக்காவுக்குப் போக லீவு கிடைச்ச மனிசனுக்கு, மையவாடிக்கு வர லீவு கிடைக்கல்ல." அதைக் கேட்டுக் கேட்டு முஸ்பிறாவும் மனசுக்குள் வாப்பாவைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தாள். பாசம் இல்லாத ஆள் என்று நினைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் நினைத்திருந்தாள்.

அவள் அழுதாள். நிகத் எழும்பிப் போய்க் கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். கௌஸ் மாமா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒரு தலையணையை எடுத்து அதன் மூலைகளைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மாடியில்தான் அவர்களுடைய வீடு. நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டு, சோறும் புளிப்புப் பருப்பும் பொரித்த மிளகாயும் சாப்பிட்டார்கள். முஸ்பிறா கொஞ்சமாகத்தான் தின்றாள். சாப்பிட்டு முடிந்ததும் கௌஸ் மாமா கைகளைத் துடைத்துக்கொண்டு, போனில் மீரானைக் காட்ட முடியுமா என்று கேட்டார். அந்த நேரம் வாப்பா சாப்பிட வீட்டுக்கு வந்திருப்பார். முஸ்பிறா வீடியோ அழைப்பு எடுத்தாள்.

வாப்பா வழமைபோலப் போனை முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்திருந்தார். நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. "என்ன புள்ள, வகுப்பு இல்லையா?" என்றார்.

முஸ்பிறா போனைக் கௌஸ் மாமாவின் பக்கம் திருப்பினாள்.

வாப்பா போனை முகத்திலிருந்து எட்டப் பிடித்து உற்றுப் பார்த்தார். பிறகு வாப்பா உருதில் ஏதோ கேட்டார். கௌஸ் மாமா பதில் சொன்னார். வாப்பா சிரித்தார். தொண்டையைச் செருமுகிற மாதிரியான அவருடைய வழமையான சிரிப்பு இல்லை, தோள் குலுங்கிய சிரிப்பு. பிறகு அவர் கதைக்க ஆரம்பித்தார். நிறுத்தாமல், கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, யாரையோ பகிடி பண்ணிக் கதைத்தார். உருதும் அரபும் நடுவில் ஒரு தமிழ்ச் சொல்லும் கலந்து ஓடியது. முஸ்பிறாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிகத் சிரிக்கிற இடத்தில் அது பகிடி என்று மட்டும் விளங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு கதைத்து அவள் கண்டதில்லை. அவருக்குப் பின்னால் உம்மா கையில் அகப்பையோடு வந்து நின்று, பேயடித்த மாதிரிப் புருஷனைப் பார்த்துக்கொண்டு நின்றா. "இது என்ன பாஷை? ஆரு அது?" என்று இரண்டு தரம் கேட்டா. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு வாப்பாவின் குரல் தணிந்தது. ஏதோ ஒரு சின்னக் கேள்வி கேட்டார். கௌஸ் மாமா முஸ்பிறாவைப் பார்த்தார். அவள் போனை வாங்கினாள். வாப்பா எழும்பி வாசலுக்கு வந்திருந்தார். பின்னால் வேலிக் கதியால் தெரிந்தது.

"சொல்லிட்டானா?"

"ஓம் வாப்பா."

அவர் போனைக் கீழே இறக்கிவிட்டார். அவருடைய காலும் நிலமும் மட்டும் தெரிந்தன. ஒரு கோழி குறுக்கே போனது. பிறகு குரல் வந்தது. "அது பழைய கதை மகள். விடு."

"நீங்க உம்மாக்கிட்ட சொல்லோணும்."

"இப்ப சொல்லி என்ன?"

"இப்பவும் உங்கட மேல கோவமாத்தானே இரிக்கிறா. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன். நான் சொன்னா அவ என்னோடதான் அழுவா, உங்களோட இல்ல."

இதைச் சொல்லிவிட்டு அவளே பயந்தாள். வாப்பாவிடம் அவள் இப்படிக் கதைத்தது இல்லை. அவர் கோபிக்கவில்லை. "நீ கவனமா ரூமுக்குப் போ" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

கௌஸ் மாமா அவளுக்கு ஒரு சின்னத் தலையணையைக் குடுத்தார், புதுப் பஞ்சு அடைத்தது. விடுதித் தலையணையெல்லாம் கல் என்று தனக்குத் தெரியும் என்றார். வாப்பாவின் நம்பரைத் தன் போனில் பதிந்துகொண்டார். நிகத் கடையைத் தந்தையிடம் விட்டுவிட்டு அவளோடு கூட நடந்து வந்தாள். இரண்டு பேரும் வளையல் கடைத் தெருவுக்குள் போனார்கள். அரக்கு வளையல்களைக் கடைக்காரர்கள் அடுப்பு நெருப்பில் இளக்கி, கண்ணாடிக் கற்களைப் பதித்துக் கையளவுக்கு வளைத்துக் குடுத்தார்கள். பச்சையில் ஒரு சோடி முஸ்பிறாவுக்குப் பிடித்தது. நிகத் உருதில் பேரம் பேசினாள், இல்லாவிட்டால் கடைக்காரன் முஸ்பிறாவை ஏமாற்றியிருப்பான். வளையல் கையில் சூடாகவே ஏறியது. நிகத்துக்கும் இலங்கை பார்க்க ஆசையாம், கடல் பார்த்ததே இல்லையாம். எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரந்தான், ஆனால் உம்மா அந்தப் பக்கம் போக மாட்டா என்றாள் முஸ்பிறா.  நிகத் பாலம் வரைக்கும் கூட வந்து, அடுத்த மாதம் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

மெட்ரோ நிலையத்தில் தொழும் இடம் எங்கே என்று தெரியாமல், பொழுதுபட்டதும் ஒரு ஒதுக்குப்புறமாகப் பார்த்து மஃரிபைத் தொழுதாள். மேடைக்கு வந்து, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு நீண்ட வாங்கில் உட்கார்ந்திருந்தபோது உம்மாவின் அழைப்பு வந்தது. வீடியோ இல்லை, சும்மா அழைப்பு. உம்மாவின் குரல் அடைத்திருந்தது.

"உன்ட வாப்பா சாப்பிட்டுட்டுத் திரும்பக் கடைக்குப் போகல்ல இன்டைக்கு."

"ஏன் உம்மா?"

"சொல்லிட்டாரு."

 உம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எனக்கு அப்ப ஒரு கோவம். இப்ப வேறொரு கோவம்" என்றா உம்மா. "இருபது வருஷம், புள்ள. நான் என்னெல்லாம் சொல்லியிரிக்கன் அந்த மனிசனுக்கு. வாயைத் துறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் அப்படிச் சொல்லியிருப்பனா? களவெடுத்தார் என்டு நான் நம்புவன் என்டு நினைச்சாரா? அதைத்தான் கேட்டன். அதுக்கும் பதில் இல்ல."

"அவர் பயந்திருப்பார் உம்மா."

"என்னத்துக்குப் பயம்? நான் என்ன பொலிஸா?"

முஸ்பிறா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. உம்மா அந்தக் கௌஸ் எப்படிப்பட்ட ஆள், பொஞ்சாதி இருக்கிறாவா, எத்தனை புள்ளைகள் என்று கேட்டா. பொஞ்சாதி மௌத்தாகிவிட்டா, இப்ப ஒரு மகள் மட்டும்தான் என்று முஸ்பிறா சொன்னாள். லீவுக்கு வந்து போகும்போது இங்கிருந்து என்ன கொண்டுபோய்க் குடுக்கலாம் என்று உம்மா யோசித்தா. நல்ல நெத்தலிக் கருவாடு அனுப்பினால் பிளேனில் விடுவார்களா என்று கேட்டா. விட மாட்டார்கள் என்றாள் முஸ்பிறா. பார்ப்பம் என்றா உம்மா. சரி, வை, ரயில் வரப் போகுது உனக்கு என்று சொல்லிப் போனைக் கீழே வைத்தா.

ஆனால் அழைப்பு துண்டிக்கப்படவில்லை. உம்மா எப்போதும் இப்படித்தான், போனை மேசையில் வைத்தால் அது நின்றுவிட்டதாக நினைப்பா. முஸ்பிறா துண்டிக்க விரலைக் கொண்டுபோனபோது அந்தப் பக்கத்தில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு உம்மாவின் குரல், தூரத்திலிருந்து.

"அங்க படுக்கப் பாய் தந்தானுகளா?"

"தந்தானுகள்" என்றார் வாப்பா.

"குளிருமா?"

"ராவையில குளிரும். கம்பளி ஒன்டு தந்த."

"நோன்புக்கு உள்ளயா இருந்த?"

"இல்ல. அது முதலே முடிஞ்ச."

 பிறகு உம்மா, "புள்ளட செய்தி உங்களுக்கு எப்படி வந்த? ஆரு சொன்ன?" என்று கேட்டா.

 வாப்பா சொல்ல ஆரம்பித்தபோது ரயில் வந்து அந்தச் சத்தத்தை மூடியது. முஸ்பிறா அழைப்பைத் துண்டித்தாள். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு, பெண்கள் பெட்டிக்குள் ஏறினாள். உள்ளே இடம் இருக்கவில்லை. விடுதி வரும் வரைக்கும் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனாள்.